கப்லனின் பிழைகள்

பிழைக்க வந்த நாட்டில், முதிர்ந்த வயதில் ஆங்கிலம் கற்கும் தொழிலாளியின் தவறுகளைக் கண்டு நாம் சிரிக்கலாமா? லியோ ரொஸ்ற்றன், லெனாட் கியூ. ரொஸ் என்னும் புனைபெயரில் 1937 இல் வெளியிட்ட ‘ஹைமன் கப்லனின் கல்வி’ என்ற நகைச்சுவை நூல் இவ்வினாவை எழுப்புகின்றது.

நூலின் களம் நியூயோர்க் நகரத்து இராப் பாடசாலை ஒன்று. பகலெல்லாம் உழைத்துக் களைத்த குடியேறிகள் அங்கே ஆங்கிலம் கற்கின்றனர். இது பொழுதுபோக்கன்று, 1906ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலம் பேசத் தெரிந்திருப்பதை அமெரிக்கக் குடியுரிமைக்கு நிபந்தனையாக்கியிருந்தது. நாற்பதைத் தாண்டிய கப்லன் ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுபவர். தம் பெயரின் எழுத்துக்களிடையே நட்சத்திரங்கள் வரைந்தே கையொப்பமிடுவார். அவர் ஆங்கிலச் சொற்களினூடே ஒலிப்பது தாய்மொழியாகிய இத்திஷின் வாக்கிய அமைப்பு. அது அறியாமையன்று, தெரிந்த மொழிகொண்டு தெரியாத மொழியை அளக்கும் அறிவின் முயற்சியே.

ரொஸ்ற்றன் தாமும் குடியேறிய குடும்பத்தவர். இத்தகைய இரவு வகுப்பிற் கற்பித்தவர். ஆகவே அவர் சிரிப்பிலே குரோதமில்லை. ஆயினும் அச்சிரிப்புக்கு ஓர் எல்லை உண்டு.

தம் தொழிலைப் பற்றிக் கப்லன் எழுதும் கட்டுரையை நோக்குக. இருண்ட இடத்தில், மின்விளக்கொளியில், வெக்கையில் 30 டொலருக்கும், மேலதிக நேரம் உழைத்தால் 36 டொலருக்கும் அடிமைப்படுவதை அவர் எழுதுகிறார். முதலாளி காரில் உலாவருவதையும், குறை தீர்க்கக் கேட்டால் மேற்பார்வையாளன் ‘புரட்சிக்காரன்’ என்று அதட்டுவதையும் கூறுகிறார். எழுத்துப் பிழை மலிந்த அக்கட்டுரையிற் பொருட்பிழை ஒன்றேனும் இல்லை.

1911 இல் அதே நகரில் ட்ரையங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியபோது, கதவு பூட்டிக் கிடக்க, 146 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் குடியேறிய பெண்கள். இதை அறிந்தவர்க்குக் கப்லனின் காற்றற்ற அறை வேடிக்கையாகத் தோன்றாது. நூலிலோ அவர் முறைப்பாடும் பிழைகளோடு சேர்ந்து வேடிக்கையாகிவிடுகின்றது. கதை பெரும்பாலும் வகுப்பறைச் சுவர்களுக்குள்ளேயே நின்றுவிடுகின்றது. இதுவே நூலின் குறை.

ஆசிரியர் பார்க்ஹில் நல்லவர், பொறுமைசாலி. பிழை திருத்துவது அவர் கடமை. திருத்தாது விடுவதும் மாணவனுக்குச் செய்யும் தீங்கே. ஆனால் முதியோருக்குக் கற்பிப்பவர் சிறுவர் முன் நிற்கவில்லை. வேறொரு மொழியில் வாழ்ந்து, வாதாடி, உழைத்துப் பழகியவர் முன் நிற்கின்றார். வாக்கியத்தைத் திருத்திய பின்னர், அது கூறும் செய்திக்கும் அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். கப்லனின் கட்டுரை அந்தப் பதிலுக்காகவே இன்னும் காத்திருக்கின்றது.