வயருக்கும் கரை உண்டு

பழைய கார் ஒன்றைத் திருத்தி முடித்தவர் கூப்பிட்டுக் காட்டினால், வந்தவர்கள் முதலில் பெயின்றைத் தடவிப் பார்ப்பார்கள். நான் கதவைத் திறந்து, குனிந்து, டாஷ்போர்டின் அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். வயர்க்கட்டு எந்த வழியாகப் போகிறது, எங்கே வளைகிறது, எத்தனை இடத்தில் கறுப்பு ரேப் சுற்றியிருக்கிறது என்பதிலேயே அந்த வேலையின் தரம் தெரிந்துவிடும். பெயின்ற் அடித்தவருக்கு அன்றைக்கே பாராட்டுக் கிடைக்கும். வயர் வேலை செய்தவரின் பெருமையோ, மாரி காலத்து இரவொன்றில் கார் எந்தத் தொந்தரவும் தராமல் வீடு வந்து சேர்வதில் இருக்கிறது. இந்த மறைவான வேலையை ரசிக்க எனக்குக் கற்றுத் தந்தவர், கல்முனையில் வாகன மின்வேலை பார்க்கும் ஒரு காக்கா; அண்ணனை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம்.

எங்கள் கரையோரத்தில் ஸ்போர்ட்ஸ் கார் அரிது. நாங்கள் பார்த்து வளர்ந்தது மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பில் 1948இல் வெளிவந்து, பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் தொட்ட பிரித்தானியக் கார் அது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு ஜப்பான் வாகனங்கள் குவிந்த பிறகும் இலங்கையில் பலர் அதைக் கைவிடவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையத்துக்கு இங்கிருந்து உடற்பாகங்கள் செய்து அனுப்பிய காலமும் உண்டு. காக்கா தொழில் படித்தது அந்த மொரிஸில்தான்.

ஆகவே 1965ஆம் ஆண்டுத் தயாரிப்பான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கொழும்பிலிருந்து லொறியில் வந்து அவருடைய கராஜில் இறங்கியபோது அவர் தயங்கவில்லை. போனற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, இதும் மொரிஸும் ஒரு வாப்பாட புள்ளைகள்தான்" என்றார். சரியாகத்தான் சொன்னார். இரண்டும் ஒரே பிரித்தானிய நிறுவனக் கூட்டுக்குள் பிறந்தவை. மொரிஸ் மைனர் 1000இல் இருந்த 948 சி.சி. இயந்திரத்தின் இன்னொரு வடிவம்தான் 1958இல் அதே கூட்டின் ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குள் போனது. மின்பொருட்களோ எல்லாவற்றுக்கும் பேர்மிங்காம் நகரத்து லூகாஸ். மொரிஸின் வயர்க்கட்டைப் படித்தவருக்கு எம்.ஜி.யின் வயர்க்கட்டு அந்நியமாக இராது.

வயர்க்கட்டைப் படிப்பது என்றேன். உண்மையில் அது படிப்புத்தான். பழைய பிரித்தானியக் காரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தொழில் உண்டு. மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது. சாவி போடாவிட்டாலும் அதில் கரன்ட் இருக்கும். வெள்ளை, சாவி திருப்பிய பின் உயிர் பெறுவது. பச்சை, அந்த வெள்ளை பியூஸைக் கடந்து வந்தது. வைப்பரும் பிரேக் லைட்டும் மீற்றர்களும் அதில் வாழ்கின்றன. ஊதா ஹோர்னுக்கு. சிவப்பு சிறு விளக்குகளுக்கு. நீலம் பெரிய விளக்குகளுக்கு. கறுப்பு எர்த்.

இதற்கு மேல் ஓரமாக ஒரு மெல்லிய கோடு ஓடும். காக்கா அதைக் 'கரை' என்பார். பக்கத்து ஊர் மருதமுனை, கைத்தறிக்குப் பேர் போன ஊர். சேலையையும் சாரத்தையும் உடல் நிறம் என்றும் கரை நிறம் என்றும் பிரித்துச் சொல்லியே பழகிய மண் இது. நீல உடலில் வெள்ளைக் கரை என்றால் முன்விளக்கின் தூர வெளிச்சம். நீலத்தில் சிவப்புக் கரை தாழ்ந்த வெளிச்சம். பச்சையில் சிவப்புக் கரை இடப்பக்கச் சிக்னல். பச்சையில் வெள்ளைக் கரை வலப்பக்கம். பச்சையில் ஊதாக் கரை பிரேக் லைட். பருத்தி நூலால் பின்னி மூடிய அந்தக் காலத்து வயர்க்கட்டை விரித்து வைத்து, ஒவ்வொரு இழையாக அவர் பிரித்துப் பார்க்கும்போது, தறிக்குப் பாவு பூட்டுகிறவரின் கை எனக்கு நினைவு வரும். இழை ஒன்று இடம் மாறினால் நெசவு முழுவதும் பிழையாகிவிடும் என்ற கவனம் அந்த விரல்களில் இருக்கும்.

அந்த எம்.ஜி.பி.யில் ஆசனங்களின் பின்னால், தரைக்குக் கீழே, ஆறு வோல்ட் பற்றரிகள் இரண்டு தொடராக இணைந்து பன்னிரண்டு வோல்ட் தருகின்றன. பியூஸ் பெட்டியில் வேலை செய்யும் பியூஸ் இரண்டே இரண்டு. முன்விளக்குகளுக்குப் பியூஸே இல்லை. முக்கியமான செய்தி, அது பொசிற்றிவ் எர்த் வண்டி; பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். 1967 வரை எம்.ஜி.பி. அப்படித்தான் வந்தது. இந்தக் காலத்து ரேடியோவையோ போன் சார்ஜரையோ யோசிக்காமல் அதில் இணைத்தால் அந்த நிமிடமே கருகிப்போகலாம். இந்த வண்டியில் முன்பு யாரோ அப்படி இணைத்து, கருகியதை மறைக்க நாலு வயரை வெட்டி முறுக்கி ரேப் சுற்றியிருந்தார்கள். காக்கா அந்த முறுக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அதே நிறமும் அதே கரையும் உள்ள வயர் வரும்வரை காத்திருந்தார். கையில் சிவப்பு வயர் சுருள் சுருளாகத் தொங்கியது. பச்சைக்குப் பதிலாக அதை அவர் தொடவில்லை. "நாளைக்கு இன்னொருத்தன் திறந்து பாப்பான். அவனுக்குப் பொய் சொல்லக் கூடா" என்றார். திருத்தும் கலையின் ஒழுக்கம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கும்.

லூகாஸுக்கு உலகம் 'இருளின் இளவரசன்' என்று பட்டம் வைத்திருக்கிறது. இரவில் விளக்கு அணைந்து நடுவழியில் நின்றவர்கள் கொடுத்த பட்டம். அந்தப் பழியில் பெரும்பகுதியை இணைப்புகளும் எர்த்தும்தான் ஏற்க வேண்டும். இந்தக் கார்களில் வயரின் நுனியில் 4.7 மில்லிமீற்றர் தடிப்பில் தோட்டா வடிவப் பித்தளை முனை ஒன்று இருக்கும். அதை ரப்பர் போர்த்திய குழாய்க்குள் தள்ளினால் இணைப்பு முடிந்தது. அழகான ஏற்பாடு, ஆனால் உப்புக் காற்று உள்ளே நுழைய வழி உண்டு. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் ஊர்களில் வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால் பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, உப்பு ஒரு வயரின் தோலுக்குள் எவ்வளவு தூரம் ஊர்ந்து செம்பைத் தின்னும் என்பதைக் கண்ணால் கண்டு படித்தவர் காக்கா. அதனால் அவர் முனையை மட்டும் துடைத்துவிட்டு விடமாட்டார். செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை தோலைச் சீவிப் பார்ப்பார்; புது முனை வைத்து ஈயம் பற்றவைப்பார்; மேலே வசலின் மெல்லியதாகத் தடவிக் குழாய்க்குள் தள்ளுவார். அமிலம் கலந்த பற்றுப்பசையைக் கராஜுக்குள் வைத்திருக்கவே மாட்டார். அது பின்னால் செம்பைத் தின்னும்.

இந்தச் சுத்தத்தின் பலனைக் கணக்கிலும் காணலாம். 60 வோட் விளக்கு பன்னிரண்டு வோல்டில் 5 அம்பியர் இழுக்கும். வழியில் களிம்பு பிடித்த இணைப்பு ஒன்று கால் ஓம் அளவு தடை போட்டால் ஒன்றேகால் வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். மின்னழுத்தம் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது வீதம் குறையும். விளக்கு எரிகிறதே என்று நாம் திருப்திப்படுவோம். பாதை மங்கிப் போயிருக்கும். ஆகவே அவர் விளக்கை எரியவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எர்த் முனையிலும் மற்றதை விளக்கின் உடலிலும் வைத்துப் பார்ப்பார். முள் அசையவே கூடாது. எர்த் திருகு இருக்கும் இடத்தில் பெயின்றைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டுவதும் இதற்காகத்தான். பளபளப்பான புதுப் பெயின்றைத் தெரிந்தே சுரண்ட ஒரு துணிவு வேண்டும்.

கடைசியாக வோஷர். வைப்பருக்கு முன் கண்ணாடியில் தண்ணீர் பீச்சும் இந்தச் சின்ன உறுப்பைத்தான் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் கைவிடுவது. ஜாகுவார் ஈ-டைப்பில் மூன்று வைப்பர் உண்டென்று வியப்பவர்கள் அதன் வோஷரைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் ஊரில் ஓடும் வண்டிக்கு அது ஆபரணமல்ல. வாடையில் கண்ணாடியில் உப்பு படியும். கச்சான் காற்றில் புழுதி. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் வைக்கோல் தூசும் பூச்சியும். உலர்ந்த உப்பின்மேல் வைப்பர் ஓடினால் கண்ணாடி கீறும். எதிரே வரும் லொறியின் வெளிச்சத்தில் அந்தக் கீறல்களெல்லாம் வெள்ளைத் திரையாகிவிடும்.

அந்த எம்.ஜி.பி.யின் வோஷருக்குக் கரன்டே தேவையில்லை. டாஷ்போர்டில் ஒரு குமிழ். பெருவிரலால் அமுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் தண்ணீரைத் தள்ளும்; விட்டால் போத்தலிலிருந்து மீண்டும் உறிஞ்சும். போத்தலின் அடியில் உள்ள ஒருவழி வால்வு தண்ணீர் திரும்பி வடியாமல் காக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது; அதன் வெள்ளைப் படிவு வால்வையும் வாயையும் அடைத்திருந்தது. காக்கா எல்லாவற்றையும் ஓர் இரவு வினாகிரியில் ஊறவைத்தார். இறுகிப்போன குழாயை மாற்றி, புதுக் குழாயின் நுனியைச் சுடுதண்ணீரில் தோய்த்து இளக்கி மாட்டினார். பீச்சும் வாயைத் துப்புரவாக்க நான் தையல் ஊசி நீட்டினேன். "ஊசி வேணாம் மகன், ஓட்ட பெருத்துரும்" என்று சொல்லி, வெட்டி மிஞ்சிய வயர்த் துண்டிலிருந்து ஒரு செம்பு நரம்பை உருவினார். 0.30 மில்லிமீற்றர் தடிப்பு. விளக்குக்கு வெளிச்சம் கொண்டுபோன அதே நரம்பு, தண்ணீருக்கும் வழி திறந்தது. மின்வேலையும் தண்ணீர் வேலையும் வேறு வேறல்ல, இரண்டுமே அடைப்பு நீக்குகிற வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பிறகு வாயின் திசையைச் சற்று உயர்த்தி வைத்தார்; வண்டி ஓடும்போது காற்று தண்ணீரைக் கீழே அழுத்தும். மழைத் தண்ணீரை வடித்து ஊற்றினார். முதல் அமுக்கில் காற்றுத்தான் வந்தது. இரண்டாவதில் குழாய் நிறைந்தது. மூன்றாவதில் இரண்டு மெல்லிய நீர்க்கோடுகள் எழுந்து கண்ணாடியின் மேல்விளிம்பருகே விழுந்தன. காக்கா வைப்பரைப் போட்டார், கண்ணாடி தெளிந்தது.

வீட்டு வளவில் பழைய மொரிஸோ ஒஸ்ரினோ வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அதன் வயர்க்கட்டை வெட்ட யாரையும் விடாதீர்கள். பெயின்றுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை எர்த்துக்கும் இணைப்புக்கும் ஒதுக்குங்கள். மாரி தொடங்குமுன் வோஷர் போத்தலை மழைத் தண்ணீரால் நிரப்பி வையுங்கள்.