கடைக்குக் கால் மரம்

கோடியக்கரையில் சீசன் என்றால் அக்டோபர் தொடங்கி மார்ச் வரை. வெளியூர் மீனவர்கள் படகோடு வந்து இறங்கி, கரையிலேயே கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கிவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு ஓர் ஊர் முளைக்கும். வலை பின்னுகிற இடம், ஐஸ் இறக்குகிற இடம், கருவாடு காயும் மணல், இட்லிக்கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில். முதுகுப் பக்கம் காடு. 1967இல் சரணாலயமான அந்தக் காட்டில் வெளிமான் மேயும்.

போன சீசனில் நான் உட்கார்ந்த டீக்கடைக்கு நான்கு கால். மூன்று சவுக்குக் கம்பு. நான்காவது, அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த பூவரசு. கடைக்காரர் அதை வெட்டவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. தார்ப்பாயின் ஒரு முனையை அதிலேயே கட்டிவிட்டார். டீ ஆறும்வரை அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். இளங்கோவடிகள் நினைவுக்கு வந்தார்.

இதே கரையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் பூம்புகார். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் அந்த நகரத்துக்குள் இளங்கோ நம்மை நடத்திக்கொண்டே போகிறார். கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம். அதைத் தாண்டி உள்ளே பட்டினப்பாக்கம். முன்னதில் பண்டசாலைகள், யவனர் வீடுகள், பல மொழி பேசும் கடலோடிகளின் குடியிருப்பு. கூடவே நெய்கிறவர், தைக்கிறவர், தச்சர், கொல்லர், பொன் வேலை செய்பவர். பிட்டு விற்பவரும் அப்பம் விற்பவரும் மீன்காரரும் உப்புக்காரரும் அதே தெருக்களில். வீடும் பட்டறையும் கடையும் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. பின்னதில் அரசர் தெரு, தேர் ஓடும் தெரு, கடைத்தெரு, பெருவணிகர் மாடங்கள். அவற்றோடு மருத்துவரும் சோதிடரும் உழவரும்.

இரண்டும் சமமான பாக்கங்கள் என்று சொல்லிவிட முடியாது. கைவேலை செய்பவர்களில் பெரும்பாலோர் உப்புக் காற்றின் பக்கம். செல்வமும் அதிகாரமும் உள்பக்கம். அந்தப் பிரிவை இளங்கோ மறைக்கவில்லை. ஆனால் கோடு விழுந்த இடத்தில் என்ன இருந்தது என்று சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் நயம். மதில் இல்லை, அகழி இல்லை. ஒரு சோலை. அந்தச் சோலைக்குள் நாளங்காடி, பகல் சந்தை.

இரு பேரரசர்களின் படைகள் எதிரெதிரே நிற்க, நடுவில் கிடக்கும் நிலத்தை அந்த இடத்துக்கு உவமையாக்குகிறார். படிப்பவர் வாள் ஓசைக்குக் காதைத் தீட்டிக்கொள்வார். கேட்பதோ விற்பவர் குரலும் வாங்குபவர் குரலும். போர்க்களத்தை வரைந்து அதில் பேரத்தை நிரப்பிவிட்டார். இரண்டு பாக்கத்தாரும் மோத வேண்டிய எல்லையில் கத்தரிக்காய்க்கு விலை கேட்டுக்கொள்கிறார்கள் என்று நம் பேச்சில் சொல்லலாம்.

அதற்குள் இன்னொரு நுணுக்கம். நெருங்கி நிற்கும் மரங்களின் அடிகளே கடைகளுக்குக் கால்கள் என்கிறார். சந்தை போடச் சோலையை அழிக்கவில்லை. சோலையைக் காக்கச் சந்தையைத் துரத்தவும் இல்லை. டெல்டாவில் வீடு கட்ட அஸ்திவாரம் எடுப்பதைக் ‘கடைக்கால் எடுப்பது’ என்போம். இளங்கோ சொல்லும் கடைகால் வேறு. ஆனாலும் இந்த ஒலி ஒற்றுமையை ரசிக்காமல் விட மனம் வரவில்லை: புகாரின் சந்தைக்கு மரமே கடைக்கால்!

எல்லாப் பசுமையும் புழங்குவதற்கு அல்ல என்பதும் அந்த ஊருக்குத் தெரியும். மணிமேகலைக் காப்பியத்தில் நாயகி பூக்கொய்யக் கிளம்பும்போது தோழி சுதமதி ஒவ்வொரு சோலையாகச் சொல்லி விலக்குகிறாள். இலவந்திகையில் அரசனைச் சேர்ந்தோர் இருப்பார்கள். உய்யானம் தேவர்களுக்கு உரியது. சம்பாதி வனமும் கவேர வனமும் தெய்வக் காவலில் இருப்பவை. மிஞ்சுவது உவவனம். ஒரே நகரத்தில் கடை போடும் சோலையும் உண்டு, காலடி படக்கூடாத வனமும் உண்டு. கோடியக்கரையில் தெய்வத்தின் வேலையை இப்போது வனத்துறை பார்க்கிறது.

பசுமையும் கடையும் வீடும் அருகருகே என்ற யோசனை பிற்காலத்திலும் வந்திருக்கிறது. 1898இல் இங்கிலாந்தின் எபனேசர் ஹோவர்ட் தோட்ட நகரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பாரிஸ் இன்று பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் நடந்தோ சைக்கிளிலோ போகும் நகரம் பற்றிப் பேசுகிறது. நம் புறநகர் மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மூலையில் கம்பி வேலி நிற்கிறது, பூட்டு தொங்குகிறது. கடைக்குப் போக வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. பூங்கா ஓரத்தில் கிடக்கிறது, நடுவில் இல்லை. புகாரின் சோலையோ இரண்டு பாக்கத்துக்கும் நடுவில் இருந்தது. ஒருவர் இன்னொருவரிடம் போக நிழலுக்குள்தான் நடக்க வேண்டும்.

நடக்கிறவருக்கு இரவில் வெளிச்சம் வேண்டுமே. அதற்கும் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் இளங்கோ ஒரு கணக்கு வைத்திருக்கிறார். சந்தனம், பூ விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் அகல், மீன் விற்பவர் விளக்கு, திமில் விளக்கு, அயல்மொழியார் விளக்கு, கலங்கரை விளக்கு என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போகிறார். தெருவுக்கென்று தனி விளக்கு அந்த வரிசையில் இல்லை. பெரும்பாலும் அவரவர் பிழைப்புக்கு ஏற்றியவைதான். அத்தனையும் சேர்ந்த வெளிச்சத்தில், மாவாய் இடித்தது போன்ற கரை மணலில் ஒரு வெண்கடுகு விழுந்தாலும் தெரியுமாம்.

கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று ஊரார் காட்டிய பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. போன சீசனில் அந்த டீக்குக் காசு கொடுக்கும்போது ஒரு ரூபாய் நாணயம் கை நழுவி மணலில் விழுந்தது. இருட்டிவிட்டிருந்தது. டீக்கடை பல்பு பூவரசின் அந்தப் பக்கம் தொங்கியது. இந்தப் பக்கம் மரத்தின் நிழல். கடைக்காரர் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார், பக்கத்து இட்லிக்கடை வெளிச்சத்தில்.