பி செல்லைக் காட்டிக்கொடுக்கும் ஆர்ஏ3-6பி2

சுண்டெலியின் மண்ணீரலை நசுக்கி வடிகட்டினால் கிடைப்பது கலங்கிய திரவம். அதில் பி செல் எது, டி செல் எது என்று சாதாரண நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒரே மாதிரி உருண்டை. இங்கேதான் ஆர்ஏ3-6பி2 என்ற மோனோகுளோனல் ஆன்டிபாடி என்னை வசப்படுத்துகிறது. எலியிலிருந்து உருவாக்கிய இது, சுண்டெலியின் பி செல் மேற்பரப்பிலுள்ள பி220 புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். காஃப்மனும் வைஸ்மனும் அந்தப் புரதத்தை விவரித்தது 1981இல். இன்றும் ஆய்வகங்கள் இந்த ஆன்டிபாடியை விடவில்லை.

ஒளிரும் சாயம் இணைத்த ஆன்டிபாடியைக் கலந்து, ஐஸில், வெளிச்சம் படாமல் அரை மணி நேரம் வைத்து, கழுவி, ஃப்ளோ சைட்டோமீட்டரில் விட வேண்டும். லேசரின் முன் செல்கள் ஒவ்வொன்றாக வரிசையில் போகும். திரையில் இரண்டு மேடுகள் எழும். வலப்பக்க மேடுதான் பி செல்கள். நடுவில் பள்ளம் சுத்தமாக விழுந்திருந்தால், அடடா, அதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்.

எலும்பு மஜ்ஜையில் வளரும் இளம் பி செல்களையும் இந்த ஆன்டிபாடி பிடித்துவிடும். முதிர்ந்து பிளாஸ்மா செல்லாகும்போது பி220 குறைந்துவிடும். சில டென்ட்ரிடிக் செல்களிலும் அது தென்படும். ஆகவே புதிதாக ஆய்வகம் வரும் மாணவர்களே, பி செல்லின் இன்னொரு அடையாளப் புரதமான சிடி19ஐயும் கூடவே வைத்துப் பாருங்கள்.