கையெழுத்து வாங்கும் சமாதானம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மானாவாரி ஊர்களில் பங்குனி பிறந்துவிட்டால் எங்காவது ஓர் ஊரில் பொங்கல் சாட்டியிருப்பார்கள். வள்ளி திருமணமோ கரகாட்டமோ ஆடல் பாடலோ, மேடை போடுவதற்கு முன் விழாக் கமிட்டி மனுவோடு போய் நிற்கிற இடம் காவல் நிலையம். பரளச்சியிலோ திருச்சுழியிலோ அனுமதி கிடைக்கவில்லை என்றால் அடுத்து மதுரை உயர் நீதிமன்றக் கிளை. அங்கிருந்து வரும் உத்தரவுகளின் நிபந்தனைகள் இந்தப் பக்கத்துக் கமிட்டிக்காரர்களுக்கு ஏறக்குறைய மனப்பாடம். ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதியையோ கட்சியையோ தூக்கிப் பிடிக்கும் பாட்டும் பேனரும் கூடாது, சொன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மீறினால் இன்ஸ்பெக்டர் பாதியிலேயே நிறுத்தலாம். பாட்டு பிரச்சினையாகிவிட்டால் தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். இரு தரப்பையும் உட்காரவைத்து, இனி இப்படிப் பேசமாட்டோம், பாடமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். பேச்சுரிமையின் எல்லை பற்றிய விவாதங்களில் அமெரிக்காவும் வால்தேரும் வந்துபோகின்றன. நம் ஊரில் அந்த எல்லையை அன்றாடம் வரைவது இந்தச் சமாதானக் கூட்டம்தான். இதை எடைபோட்டுப் பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை.

நகரத்து மேடையிலிருந்து இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் இது தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. ஒலிபெருக்கியில் போட்ட ஒரு பாட்டு, சுவரில் எழுதிய ஒரு பெயர், சிலைக்கு விழுந்த ஒரு செருப்பு மாலை, இவற்றிலிருந்து கொலைவரை போன சம்பவங்கள் தென்மாவட்டங்களில் உண்டு. அப்படி ஒரு நாளில் முதலில் அடிபடுவது சேரி வீடுகள்தான் என்பதற்கு 1995-இன் கொடியன்குளமே சாட்சி. அங்கே உடைத்து நொறுக்கியவர்கள் போலீசாரே என்றாலும், அடி விழுந்தது யார் மேல் என்பதில் மாற்றமில்லை. வழக்குப் போட்டு, சாட்சி விசாரித்து, தீர்ப்பு வர வருடங்கள் ஆகும். தாசில்தாரின் ஜீப்போ ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கிற வாய்ப்பு, பல ஊர்களில் வருடத்துக்கு ஒருமுறை அங்கே மட்டும்தான் கிடைக்கிறது. பஞ்சாயத்து பேசித் தீர்க்கும் பழக்கத்தை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது என்ற அளவில் அது ஒரு முன்னேற்றம். ஊர் நாட்டாமை வைத்த பஞ்சாயத்தில் ஒரு தரப்பு கைகட்டி நின்றது. அரசு அலுவலகத்தில் நாற்காலி உண்டு.

அந்த நாற்காலியில்தான் சிக்கலும் தொடங்குகிறது. 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் கூடிய சமாதானக் கூட்டத்தைப் பார்ப்போம். அப்போது பரளச்சியும் முதுகுளத்தூரும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம். பொதுத்தேர்தலும் அதைத் தொடர்ந்த இடைத்தேர்தலும் கிளப்பிய பகையை அடக்க மாவட்ட ஆட்சியர் எல்லாத் தரப்புத் தலைவர்களையும் அழைத்தார். முத்துராமலிங்கத் தேவரும் வந்தார், தேவேந்திரர் தரப்பில் இம்மானுவேல் சேகரனும் வந்தார். அமைதி காக்கச் சொல்லி எல்லாரும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு கூட்டறிக்கை விடலாம் என்பது ஆட்சியரின் யோசனை. யாரோடு சேர்ந்து யார் கையெழுத்திடுவது, யார் யாருக்கு நிகரான தலைவர் என்பதில் விவாதம் மூண்டதாக அக்காலத்துப் பதிவுகள் சொல்கின்றன. மறுநாள் இரவு பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். சில நாளில் கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கியால் மறவர் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் இறந்தனர். தேவர் கைதானார், கொலை வழக்கில் நீதிமன்றம் அவரை 1959-இல் விடுவித்தது. யார் குற்றவாளி என்பது இங்கே கேள்வியில்லை. அந்தக் கூட்டம் எதைக் கவனிக்கத் தவறியது என்பதே கேள்வி. இரண்டு சாதிகள் ஒன்றையொன்று ஏசிக்கொள்கின்றன, இரண்டையும் அடக்கிவைக்க வேண்டும் என்று அது நினைத்தது. தகராறோ, ஒருவர் மற்றவருக்குச் சமமாக உட்கார்ந்து பேசலாமா என்பதைப் பற்றியது. அதைத் தீர்க்காமல் இரு பக்கமும் கையெழுத்து வாங்குவது, சமத்துவம் கேட்டவனையும் அதை மறுத்தவனையும் ஒரே தட்டில் வைப்பதாகும்.

ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து இதே ஏற்பாடு ஒரு நாவலாசிரியரின் மேல் திரும்பியது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்தது. நான்கு ஆண்டுகள் எந்த ஊரும் கொதிக்கவில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகத்தை எரித்தார்கள், பிறகு கடையடைப்பு. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் வருவாய்த் துறை அதிகாரி முன்னிலையில் பேச்சுவார்த்தை. முடிவில், நிபந்தனையற்ற மன்னிப்பு, சர்ச்சைக்குரிய பகுதி நீக்கம், விற்காத பிரதிகள் திரும்பப் பெறுதல் என்று எழுத்தாளர் கையெழுத்துப் போட்டார். எரித்தவர்களிடம் அப்படி எதையும் எழுதி வாங்கியதாகத் தெரியவில்லை. சமாதானக் கூட்டத்தின் அடிப்படைக் குறை இங்கே வெட்ட வெளிச்சமாகிறது. சொல்லப்பட்டது சரியா, சட்டத்துக்கு விரோதமா என்று அது கேட்பதில்லை. யாருக்குக் கோபம், எத்தனை பேருக்குக் கோபம் என்று மட்டும் எண்ணுகிறது. கூட்டம் சேர்க்கத் தெரிந்தவன் கையில் தடைசெய்யும் அதிகாரம் போய்விடுகிறது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தினர் தொடுத்த வழக்கில், 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அந்தக் கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பிடிக்காதவர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம் என்பது தீர்ப்பின் சாரம். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு ஒரு எழுத்தாளர் எழுதாமல் இருந்தார். அதைத் திருப்பிக் கொடுக்க எந்த அமர்வாலும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். பேச்சுரிமையின் எல்லை பற்றிய இந்தியாவின் முதல் பெரிய வழக்குகளில் ஒன்று சென்னை மாநில அரசுக்கு எதிரானது. ரொமேஷ் தாப்பரின் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று அரசு போட்ட தடையை 1950-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உடனே 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து 19(2)-இல் பொது ஒழுங்கு என்ற காரணத்தைச் சேர்த்தது. கூடவே, கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தது. அந்த நியாயம் எது என்பதற்கு 1989-இல் ரங்கராஜன் வழக்கு விடை தந்தது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ இடஒதுக்கீட்டைக் குறைசொன்ன படம். சமூக நீதி பேசியவர்கள் அதை எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் படத்தைத் திரும்ப அனுமதித்தது. எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க முடியாது என்று அரசு கையை விரிக்கக் கூடாது, ஆபத்து வெடிமருந்தில் விழும் பொறிபோல உடனடியாகவும் நேராகவும் இருந்தால்தான் தடை என்றது. அந்தப் படத்தின் வாதம் எனக்கு உடன்பாடில்லாதது. ஆனால் பெருமாள்முருகனைக் காப்பாற்றிய தீர்ப்பு சாய்ந்து நின்ற தூண்களில் அதுவும் ஒன்று. நமக்குப் பிடிக்காத படத்துக்குக் கிடைத்த பாதுகாப்புதான் பிறகு நமக்குப் பிடித்த நாவலுக்குக் கைகொடுத்தது.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழும். தீர்ப்பு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, செத்தவன் எழுந்து வருவானா? முன்கூட்டியே தடுப்பதுதானே அரசின் வேலை? இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எதைத் தடுப்பது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம், ஒலிபெருக்கி எத்தனை மணிவரை, வண்டியின் கூரைமேல் ஏறலாமா, ஆயுதம் உண்டா, இவையெல்லாம் நடத்தையைப் பற்றியவை. இவற்றைக் கட்டுப்படுத்த அரசுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. இம்மானுவேல் சேகரன், தேவர் நினைவு நாட்களை ஒட்டிச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இராமநாதபுரம் மாவட்டத்தில் போடப்படும் தடை உத்தரவின் பெரும்பகுதி இந்த வகை. சொல்லின் உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்துவது வேறு. ஒரு ஆளையே வரவிடாமல் தடுப்பது அதைவிட வேறு. 2011 செப்டம்பர் 11 அன்று இம்மானுவேல் சேகரனுக்கு அஞ்சலி செலுத்த வந்த ஒரு தலைவரை வழியிலேயே பிடித்து வைத்தார்கள். பரமக்குடியில் மறியல் மூண்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். தடுத்துவிட்டால் அமைதி என்ற கணக்கு அன்று பொய்த்தது.

உள்ளடக்கத்தையே தொடக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. சாதிப் பெயரைச் சொல்லிப் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்துவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. அதில் குற்றம் என்ன என்பது எழுத்தில் இருக்கிறது, நிரூபிக்க வேண்டியவர் யார் என்பது தெளிவு, மேல்முறையீடு உண்டு. அதைவிட முக்கியம், யார் கோபப்பட்டார் என்பதை விட்டுவிட்டு, அந்தச் சொல் யாரைத் தள்ளி வைக்கிறது என்று அது பார்க்கிறது. சமாதானக் கூட்டத்தில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை. அரசு தன் சொந்தக் குரலை அடக்கிக்கொள்வதும் வேறு கதை. 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்ததை ஒட்டிக் கலவரம் மூண்டபோது, மாவட்டங்களிலிருந்தும் பேருந்துகளிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்தது. பரளச்சிக்காரர்களின் காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. பேருந்தின் பெயர் குடிமகனின் பேச்சு இல்லை, எனவே உரிமை பறிபோனது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பட்டியல் சாதி வீரரின் பெயர் வண்டியில் ஏறிய பிறகே எல்லாருடைய பெயரும் இறங்கியது என்பதில் இருக்கும் கசப்பை மறைக்கவும் முடியாது.

அரசியல் சரிநிலை என்று இன்று பரிகசிக்கப்படுவதையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லை மாற்றினால் சாதி போய்விடுமா என்று சிலர் சிரித்தார்கள். போகாது. ஆனால் தன் முகவரியைச் சொல்லும்போதே சாதியைச் சொல்ல வேண்டிய நிலையிலிருந்து ஒரு மாணவி தப்புகிறாள், அது போதும். மண்ணின் மொழியே செத்துவிடும், பழமொழி கூடச் சொல்ல முடியாது என்ற புலம்பலும் உண்டு. கரிசல் வழக்கில் ஏச்சு இல்லாத சொல் ஆயிரமாயிரம் இருக்கிறது. ஏச்சை எடுத்தால் ஏழையாகிவிடும் மொழி நம்முடையது இல்லை. கமல்ஹாசனின் ‘சண்டியர்’ என்ற தலைப்பைப் புதிய தமிழகம் கட்சித் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி எதிர்த்து, படம் 2004-இல் ‘விருமாண்டி’யாக வந்தது. அவர் குறைசொன்னது அவருடைய பேச்சுரிமை, தொண்ணூறுகளின் காயங்களைப் பார்த்தால் அதில் நியாயமும் இருந்தது. ஆனால் விமர்சனத்துக்குச் செவிசாய்த்து ஒரு கலைஞன் பெயரை மாற்றுவது ஒன்று, வேலையே நடக்காது என்ற நிலையில் மாற்றுவது இன்னொன்று. பின்னதை நாகரிகம் என்று சொல்லக் கூடாது.

இந்தச் சுதந்திரமெல்லாம் மேற்கிலிருந்து வந்தது, நம் மண்ணின் வேர் சமாதானம்தான் என்று வாதிடுவோர் உண்டு. எதிர்ப்பக்கம், உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி மக்களாட்சியே இங்கேதான் பிறந்தது என்பாரும் உண்டு. இரண்டும் அவசரம். மணிமேகலையில் சமய வாதிகள் தத்தம் கொள்கையை முன்வைத்து வாதிடுகிறார்கள், யாரும் யாரிடமும் மன்னிப்புக் கடிதம் கேட்கவில்லை. எதிர்வாதத்தைக் கேட்கும் மரபு இங்கே உண்டு. பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூரிலோ குடவோலை இருந்தது, கணக்குக் காட்டாதவனை விலக்கும் விதி இருந்தது. ஆனால் ஓலையில் பெயர் வர நிலமும் வேதப் பயிற்சியும் வேண்டும். பேசும் மரபு பழையது, யார் பேசலாம் என்பதில் திறப்பு புதியது. இந்த வேறுபாட்டை விருதுநகர் மாவட்டமே காட்டியது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு இங்குள்ள கொட்டக்கச்சியேந்தலிலும், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட 1996-இலிருந்து பத்து ஆண்டுகள் முறையான தலைவர் இல்லை. மனுத்தாக்கல் செய்ய ஆள் வரவில்லை, வந்தவர் நிலைக்கவில்லை. அங்கே எந்தப் புத்தகமும் எரியவில்லை, பாட்டுக்கும் தடை இல்லை. வேட்பு மனு என்ற ஒற்றைத் தாளில் ஒருவர் பெயரை எழுத முடியவில்லை. 2006-இல்தான் அந்த ஊர்களில் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பேச்சுரிமைக்கு வேர் எது என்றால் அந்த நாற்காலியைத்தான் நான் காட்டுவேன். அது இல்லாத இடத்தில் எல்லாரும் அமைதியாக இருப்பதை ஒற்றுமை என்று அரசு கணக்கெழுதிக்கொள்கிறது.

ஆகவே சமாதானக் கூட்டம் வேண்டாம் என்பது என் முடிவு இல்லை. அதன் வேலை தெரு, நேரம், ஒலிபெருக்கி, பாதுகாப்பு ஆகியவற்றோடு நிற்க வேண்டும். பாட்டையோ புத்தகத்தையோ பேச்சையோ பற்றி அங்கே எவரிடமும் எழுதி வாங்கக் கூடாது. சொல் குற்றம் என்று தோன்றினால் வழக்குப் பதியட்டும், நீதிமன்றம் முடிவு செய்யட்டும். அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும், அதுவும் விழா முடிந்த பிறகு இல்லாமல், மதுரைக்குப் போய்வர நேரம் இருக்கும்போதே. மிரட்டுபவர்களிடம் முதலில் எழுதி வாங்கட்டும். 2016 தீர்ப்பு, கலைஞர்களை அவர்கள் நிலையிலிருந்து பின்வாங்கச் சொல்லி அதிகாரிகள் நெருக்கக் கூடாது என்று சொல்லி, இத்தகைய தகராறுகளைப் பார்க்க நிபுணர் குழு அமைக்கவும் அரசுக்கு வழிகாட்டியது. அந்தத் தீர்ப்பின் நகல் ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் இருக்க வேண்டும். விழாக் கமிட்டிக்காரர்களும் மனு எழுதும்போது ஒரு பிரதியைக் கூடவே இணைத்துக் கொடுங்கள்.