பத்து நிமிடங்கள்: போன்ஹோபரின் சிறைக் கடிதங்களில் அச்சமும் ஒப்புவித்தலும்

டீட்ரிக் போன்ஹோபரின் சிறைக் கடிதங்களை நம் இறையியல் மாணவர்கள் பெரும்பாலும் 'சமயமற்ற கிறிஸ்தவம்', 'முதிர்ச்சியடைந்த உலகம்' என்னும் இரண்டு சொற்றொடர்களுக்காகவே புரட்டுகின்றனர். ஆயர்களோ, அருளுரைக்கு ஓர் இரத்தசாட்சி தேவைப்படும்போது அவரை நாடுகின்றனர். இவ்விரு வகை வாசிப்பிலும் நழுவிப்போகும் பொருள் ஒன்றுண்டு. அஞ்சுகிற மனிதன் தன்னை இறைவனிடம் ஒப்புவிப்பது எவ்வாறு என்பதே அது.

நூலின் தலைப்பிலிருந்தே தொடங்கலாம். 1951-இல் எபர்ஹார்ட் பெத்கே இக்கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டபோது சூட்டிய ஜெர்மானியத் தலைப்பு, 'எதிர்ப்பும் ஒப்புவித்தலும்' எனப் பொருள்படும். 1953-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதனைக் கைவிட்டது. ஆங்கிலத்தின் வழியாகவே அவரை அறிந்த நமக்கு அவ்விணைப்பு கிட்டாமற்போயிற்று. 1944 பிப்ரவரி 21-ஆம் நாள் கடிதத்தில், விதியை எதிர்த்து நிற்பது எதுவரை, அதற்குப் பணிவது எங்கிருந்து என்று அவர் வினவுகிறார். தோன் கிஹோத்தே எதிர்ப்பை அபத்தமாகும் வரை இழுத்துச் செல்கிறவன். சாஞ்சோ பான்சாவோ உள்ள நிலையோடு சாமர்த்தியமாக ஒத்துப்போகிறவன். எதிர்ப்பும் வேண்டும், பணிவும் வேண்டும். அவற்றின் எல்லையைக் கோட்பாட்டினால் முன்கூட்டி வரைந்துவிட இயலாது என்பதே அவர் வந்துசேரும் இடம்.

நம் பிரசங்க பீடங்களில் 'ஒப்புக்கொடுத்தல்' என்னும் சொல் பெரும்பாலும் சாஞ்சோ பான்சாவின் குரலிலேயே ஒலிக்கிறது என்பது என் கணிப்பு. நிலத்தை இழந்தவனுக்கும் கணவனால் அடிபட்டவளுக்கும் நாம் அதே சொல்லை மருந்தாகக் கொடுக்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் யூதாசு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்ததற்கும், ஆண்டவர் தம்மையே நமக்காக ஒப்புக்கொடுத்ததற்கும் ஒரே வினைச்சொல்தான் வழங்குகிறது. யாரிடத்தில், எதற்காக என்னும் வினாக்களை விட்டுவிட்டு அச்சொல்லை மட்டும் போதிப்பது ஆபத்தானது.

இனி அச்சத்திற்கு வருவோம். 1933 ஜனவரி 15-ஆம் நாள், இட்லர் பதவியேற்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், போன்ஹோபர் பெர்லினில் மத்தேயு 8-ஆம் அதிகாரத்திலுள்ள கடற்புயலைப் பற்றி அருளுரை ஆற்றினார். அச்சத்தை மனிதனின் முதற்பகைவன் எனக் காட்டி, படகில் கிறிஸ்து இருக்கிறார் என்பதையே அதற்கு விடையாக அவர் முழங்கினார். உரத்த, உறுதியான, இளமை மிக்க அருளுரை அது. பதினோர் ஆண்டுகள் கழித்து, 1944 ஜனவரி இறுதியில், தேகல் சிறையில் அவர் எழுதிய கடிதத்தை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். சிறைக்கு அண்மையில் போர்சிக் தொழிற்சாலை இருந்தமையால் அப்பகுதி குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. ஒரிரவு எல்லாரும் தரையில் படுத்திருந்தபோது, வழக்கமாக எதையும் இலேசாகக் கருதும் ஒருவர் 'கடவுளே, கடவுளே' என்று புலம்பினார். போன்ஹோபரால் அவருக்குக் கிறிஸ்தவ ஆறுதல் எதையும் கூற இயலவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பத்து நிமிடங்களுக்கு மேல் இது நீடிக்காது என்று மட்டும் சொன்னாராம்.

படகில் கிறிஸ்து இருக்கிறார் என்று முழங்கியவர் இங்கே ஏன் கடிகாரத்தைப் பார்க்கிறார்? அவருடைய நம்பிக்கை தேய்ந்துவிட்டது என்று கூறுவோர் உண்டு; நான் அவ்வாறு கருதவில்லை. அவ்வேளையில் சமயத்தை அம்மனிதர்மீது திணிப்பது தகாது என்னும் உணர்வே தம்மைத் தடுத்திருக்கலாம் என்று அவரே எழுதுகிறார்; சிலுவையில் இயேசுவும் தம் அருகிலிருந்த கள்வர்களை மனந்திருப்ப முற்படவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். அஞ்சி நடுங்குபவனின் பலவீனம் நற்செய்திக்கு நுழைவாயிலாகிவிடக் கூடாது. மருத்துவமனைப் படுக்கையருகே அச்சத்தையே துணையாகக் கொண்டு ஊழியம் செய்து பழகிய நம்மில் பலருக்கு இது கசப்பாகவே இருக்கும், எனக்கும் அப்படியே.

கடிகாரத்தைப் பார்த்த அச்செயலில் விழிப்பும் இருக்கிறது. அதே ஆண்டு மே 29-ஆம் நாள் கடிதத்தில், குண்டுவீச்சு விமானங்கள் வரும்போது தம்மைச் சுற்றியுள்ளோர் முற்றிலும் அச்சமாகவும், நல்ல உணவு கிடைக்கும்போது முற்றிலும் ஆசையாகவும் மாறிவிடுவதைக் குறிப்பிடுகிறார். ஒரே வேளையில் பலவற்றை உள்ளத்தில் தாங்க அவர்களால் இயலவில்லை. விசுவாசமோ வாழ்வைப் பல பரிமாணங்களில் நிறுத்துகிறது: அழுவாரோடு அழுதுகொண்டே மகிழ்வாரோடு மகிழலாம், உயிருக்கு அஞ்சிக்கொண்டே உயிரைவிட முக்கியமானவற்றை எண்ணலாம். அச்சம் இல்லாமற்போவதன்று, அது ஒன்றே ஆட்சி செய்யாமலிருப்பதே அவர் கூறும் வெற்றி. குண்டுவீச்சில் காயமுற்ற கைதிகளுக்கு முதலுதவி போதாமையைப் பற்றி அவர் அறிக்கை எழுதியதும் இவ்விழிப்பின் பயனே. பணிந்தவர்தான், ஆயினும் வாய்மூடியிருக்கவில்லை.

எனினும் அவரை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாத இடமும் உண்டு. தம் அச்சத்தை மற்றவர்கள் வெளிப்படையாகப் பேசுவது அவருக்கு உறுத்துகிறது. அது நாணத்தக்கது, பாவ அறிக்கையில் மட்டும் சொல்லத்தக்கது என்று ஒரு கடிதத்தில் எழுதுகிறார். இது நற்செய்தியன்று, உயர்குடி வளர்ப்பின் குரல் என்றே எனக்குத் தோன்றுகிறது. சங்கீதக்காரர் அச்சத்தைச் சபை நடுவிலேயே பாடினார். கெத்செமனேயில் ஆண்டவர் தம் கலக்கத்தை மூன்று சீடரிடம் மறைக்கவில்லை. மேலும், பெர்லின் நகரின் படைத்தலைவர் அவருடைய தாய்வழி உறவினர் என்பது தெரிந்ததும் சிறையில் அவர் நடத்தப்பட்ட விதமே மாறியது. அது தமக்கு வெட்கமாயிருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அத்தகைய உறவினர் எவருமில்லாத கைதியின் ஒப்புவித்தல் எவ்வாறிருக்கும் என்பதை இந்நூலிலிருந்து நாம் அறிய முடியாது.

ஆயினும் தம் அச்சத்தை அவர் முற்றிலும் மறைத்தார் என்றும் சொல்வதற்கில்லை. பிறர் காணும் அமைதியான மனிதன் தானா, தனக்குள் தவிக்கும் மனிதன் தானா என்று கேட்கும் கவிதையை 1944 கோடையில் எழுதினார். விடை அவருக்குக் கிட்டவில்லை. தான் யாராயினும் தன்னை அறிந்தவர் ஒருவர் உண்டு என்பதில் அமைகிறார். இட்லரைக் கொல்லும் முயற்சி தோற்ற மறுநாள், ஜூலை 21 அன்று, இவ்வுலகின் கடமைகளிலும் தோல்விகளிலும் முழுமையாக வாழ்ந்துகொண்டே தன்னை இறைவனின் கரங்களில் எறிந்துவிடுவதுதான் விசுவாசம் என்று நண்பருக்கு எழுதினார். அத்தோல்வியினால் தமக்கு என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியாததன்று. 1945 ஏப்ரல் 9-ஆம் நாள் ப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

தேகல் சிறைத் தரையில் புலம்பிய அம்மனிதர் என்ன மறுமொழி கூறினார் என்பது கடிதத்தில் இல்லை. அடுத்து வருவது, தாம் பெரிதும் மதித்த ஒருவர் நகரில் நேரே விழுந்த குண்டினால் இறந்த செய்தி.