முகமூடியும் மாறுவேடமும்: ஒரு சுவரொட்டியை முன்வைத்துச் சில கருத்துகள்

ஐரோப்பியச் சுவரொட்டிக் கலையைத் தமிழில் விளக்குங்கால், வேடம் புனைந்து ஆடும் நடன விழாக்கள் அனைத்தையும் 'முகமூடி நடனம்' என்னும் ஒரே தொடரால் சுட்டுதல் எளிது. இக்கட்டுரையாளரும் அவ்வாறு சுட்டியதுண்டு. அத்தொடர் எல்லா இடத்தும் பொருந்தாது என்பதை ஈண்டுக் காண்போம்.

1890களில் பாரிஸ் ஓப்பெரா அரங்கின் நடன விழாக்களுக்காக ழூல் ஷெரே வரைந்த சுவரொட்டிகளில் 'பால் மாஸ்கே' என்னும் தொடர் உள்ளது. 'மாஸ்கே' முகமறைப்பைக் குறித்தலால் 'முகமூடி நடனம்' தகும். ஆனால், 1923 பிப்ரவரி 23 அன்று பாரிஸ் புல்லியே நடனக்கூடத்தில் ருசியக் கலைஞர் சங்கம் நடத்திய விழாவிற்கு நதாலியா கொஞ்சரோவா வரைந்த சுவரொட்டியில் 'திராவெஸ்தி', 'திரான்ஸ்மந்தால்' என்னும் சொற்களே உள்ளன. 'திராவெஸ்தி' என்பது உடைமாற்றம். முகம் மறைதல் அதன் இன்றியமையாக் கூறன்று.

இதற்கு 'வேடம்' ஈடாகுமா? யட்சகான நடிகரைக் கன்னடத்தில் 'வேஷதாரி' என்பர், அதில் பழிப்பில்லை. தமிழில் 'வேடதாரி' வஞ்சகரையே குறிக்கும். 'மாறுவேடம்' என்பதோ இருநிலைப்பட்டது. நகர்வலம் வரும் அரசன் தன்னை மறைக்கவே மாறுவேடம் பூணுகிறான். பள்ளி மாறுவேடப் போட்டியிலோ குழந்தை இன்னாரென அனைவரும் அறிவர். 'திராவெஸ்தி' இப்பின்னைய பொருளுக்கு நெருங்கியது. சிலப்பதிகாரக் கடலாடு காதை கூறும் 11 ஆடல்களுள் காமனின் பேடும், அயிராணி உழத்தி வடிவில் ஆடிய கடையமும் இத்தகைய உருமாற்றங்களே. ஆதலின் 'மாறுவேட நடனம்' எனல் பொருந்தும்.

'திரான்ஸ்மந்தால்' என்பதே ஒரு மொழிபெயர்ப்பு. 1910களில் குருச்சோனிக், ஹ்லெப்னிகவ் ஆகிய ருசியக் கவிஞர்கள் கையாண்ட 'ஸாஊம்' என்பதன் பிரெஞ்சு வடிவம் அது. 'ஸா' அப்பால், 'ஊம்' அறிவு. வழக்கமான பொருளினின்று ஒலியை விடுவிக்கும் கவிதைமொழியை அச்சொல் குறித்தது. இதனை 'மனங்கடந்த' எனப் பெயர்ப்பின், மனமும் வாக்கும் கடந்த இறைநிலை பற்றிய சமய வழக்கே தமிழ் வாசகர் நினைவில் எழும். 'பொருளிகந்த' என்பது அவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கும்.

அவ்விழா, புலம்பெயர்ந்த கலைஞர்களின் உதவி நிதிக்காக நடத்தப்பெற்றது. அயல்நகரில் அவர்கள் தம்மை மறைத்துக்கொள்ளவில்லை. தம் மொழிச் சோதனையின் பெயரையே சுவரில் அறிவித்தனர். 'முகமூடி' என்னும் சொல் அவ்வறிவிப்பை மறைப்பாகத் திரித்துவிடுகிறது. படத்தை விளக்குமுன் அதன்மேல் பொறித்த சொல்லைப் படித்தல் மொழிபெயர்ப்பாளரின் முதற்கடன் எனலாம்.