சூப்பர் பாண்டரோஸா

அச்சரப்பாக்கத்திலிருந்து ஓர் இளைஞர். காமிரா வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறதாம். அறுபது படங்களை அனுப்பி, ‘விமரிசனம் செய்யுங்கள் ஸார், தாட்சண்யம் வேண்டாம்’ என்கிறார். நீங்களும் சமீபத்தில் காமிரா வாங்கியவர் என்றால் கொஞ்சம் கூட உட்காருங்கள். இது உங்களுக்கும்தான்.

அந்த ஊர்ப் பெயரிலேயே ஆரம்பக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் பிள்ளையாரை மறந்து கிளம்ப, தேரின் அச்சு இற்று விழுந்த இடம். அதனால் அச்சு இறு பாக்கம் என்கிறது தலபுராணம். நம் நண்பரும் பிள்ளையார் சுழி போடாமல் நேராக 600 எம்.எம். ஜூமில் ஏறிவிட்டார்.

முதலில் மாமல்லபுரம். வெண்ணெய் உருண்டைப் பாறையை ஒரு நண்பர் கையால் தாங்குகிறார். இதை எடுக்காதவர் யார்? கடற்கரைக் கோயில் சூரியோதயம். வானம் ஃபான்டா கலர். கம்ப்யூட்டரில் ஊற்றிய ஆரஞ்சு என்பது பார்த்ததுமே தெரிகிறது. அர்ச்சுனன் தபசு தட்டையாக, போஸ்ட் கார்டு போல இருக்கிறது. அந்தப் பாறை கிழக்கு பார்த்தது. அதிகாலை வெயில் முகத்தில் நேராக அடிக்கும்போது பள்ளம் மேடு தெரியாது. சூரியன் மேலே ஏறி வெளிச்சம் பாறையை உரசிக்கொண்டு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே பொய்த்தவம் செய்கிற பூனைக்கு ஒரு படம்கூட இல்லை என்பதில் எனக்குத் தனி வருத்தம்.

அடுத்து நாற்பது படங்கள் வேடந்தாங்கல். எல்லாம் குளோஸப். கூர்மையில் குறை சொல்ல முடியாது. சின்ன குறை, கொக்குகள் சலவைக்குப் போட்ட மாதிரி வெளுத்துவிட்டன. பின்னால் கருத்த மரம் இருந்தால் மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மைனஸ் ஒன்று வையுங்கள், இறகு தெரியும். பெரிய குறை வேறு. பறவையைச் சுற்றி ஒன்றுமே இல்லை. எல்லாம் பச்சைப் புகை. வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் எடுத்தது என்றாலும் நம்பிவிடுவேன். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும். ஏன் என்று கேட்கத் தோன்றியிருந்தால், நத்தையோடு ஒரு படமாவது வந்திருக்கும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பதால் வேட்டைக்காரர்களை விரட்டி, 1798-லேயே கலெக்டரிடம் எழுத்தில் பாதுகாப்பு வாங்கிய ஊர் அது. அந்த வயலும் இல்லை, கரையும் இல்லை, ஜனங்களும் இல்லை.

ஒரே ஒரு படம் நிமிர்ந்து உட்கார வைத்தது. டிராக்டர் உழுகிறது, பின்னால் கொக்குகள் வரிசை, டிரைவர் திரும்பிப் பார்க்கிறார். ஃபோகஸ் கொஞ்சம் அவுட். பரவாயில்லை. இதை எடுத்தவருக்கு நான் சிபாரிசு செய்வது அடுத்த லென்ஸை அல்ல, மா. கிருஷ்ணனை.

‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் பிள்ளை. 1912-ல் பிறந்தவர். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். காட்டில் நடந்தும் யானை மேல் உட்கார்ந்தும் படமெடுத்தார், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில். காமிரா? ஒரு கம்பெனி பாடி, இன்னொரு கம்பெனி லென்ஸ், மிச்சமெல்லாம் சொந்தக் கைவேலை. எங்கேயாவது கம்பியும் வளையமும்கூட இருந்திருக்கும் என்று இ.பி. ஜீ தன் 1964 புத்தகத்தில் கிண்டலே பண்ணியிருக்கிறார். கிருஷ்ணன் அதற்கு வைத்த பெயர் சூப்பர் பாண்டரோஸா.

அவர் படங்களும் எழுத்தும் ‘ஐ இன் தி ஜங்கிள்’ என்று 2006-ல் புத்தகமாக வந்தன. புரட்டும்போது முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். இன்றைய போட்டிகளுக்கு அனுப்பினால் இதில் பல படங்கள் முதல் சுற்றிலேயே திரும்பி வரும். இரண்டாம் முறை பாருங்கள். யானை எங்கே நிற்கிறது, பக்கத்தில் யார், எதைத் தின்கிறது, நம்மைக் கவனித்துவிட்டதா, எல்லாம் தெரியும். மிருகத்தை முன்பே தெரிந்தவர் எடுத்த படம் என்பது புரியும். நம் நண்பரின் நாற்பதில் தெரிவது லென்ஸின் விலைதான்.

கிருஷ்ணனிடம் எனக்கும் ஒரு சண்டை உண்டு. மீன்கொத்தியைக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பது பட்டுப்புடவையை ஜெராக்ஸ் எடுத்துப் பார்ப்பது போல. தவிர, படத்தைவிட எழுத்தில்தான் அவர் ஒரு படி மேல் என்பது என் கட்சி. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். வேடந்தாங்கல் சீஸன் நவம்பரில் களைகட்டும். அதற்குள் படித்துவிடலாம். 600 எம்.எம். லென்ஸோடு ஒப்பிட்டால் விலை மிகவும் சகாயம்.